பழைய பெட்டியில் புதிய படம்

ஒரு மளிகைக் கடையின் பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டு, அங்கே 'மருந்துக் கடை' என்று எழுதிய பலகையை மாட்டினால் உள்ளே இருக்கும் புளியும் மிளகாயும் மாத்திரைகளாக மாறிவிடுமா? மாறாது என்று சிறு பிள்ளையும் சொல்லும். ஆனால் கணிப்பொறிக் கோப்பு என்று வந்துவிட்டால், பலகையை மாற்றினால் போதும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். கோப்பின் பெயரில் புள்ளிக்குப் பின்னால் வரும் மூன்று நான்கு எழுத்துகளை அழித்துவிட்டு 'ஜேபிஜி' என்று எழுதிவிட்டால் அது ஜேபெக் படம் ஆகிவிட்டது என்று நம்புகிறோம்.

இந்த நம்பிக்கை எவ்வளவு தொல்லை தரும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 2020 மே மாதம். கொரோனாக் காலம். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எழுதும் 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்' தேர்வுகளை, அவற்றை நடத்தும் கல்லூரி வாரியம் வீட்டிலிருந்தே எழுதும்படி ஏற்பாடு செய்திருந்தது. தாளில் விடை எழுதி, அதைக் கைப்பேசியால் படம் பிடித்து, வாரியத்தின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்குக் கொடுத்த நேரம் ஐந்து நிமிடம். ஆப்பிள் நிறுவனத்தின் கைப்பேசிகளோ 2017 முதல் படங்களை எச்இஐசி என்னும் புதிய வகைக் கோப்பாகச் சேமித்து வந்தன. தளம் அந்த வகையை ஏற்கவில்லை; ஜேபெக், பி.என்.ஜி. போன்றவற்றையே ஏற்றது. நேரம் முடிந்துவிட்டது. அந்த மாணவர்கள் ஜூன் மாதத்தில் மறுபடியும் தேர்வெழுத வேண்டியதாயிற்று. விடை சரியா தவறா என்று எவரும் பார்ப்பதற்கு முன்பே, தாளைச் சுற்றியிருந்த உறை சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நம் நாட்டிலும் வேலைக்கோ நுழைவுத் தேர்வுக்கோ விண்ணப்பிக்கும்போது, புகைப்படமும் கையெழுத்தும் ஜேபெக் வகையில், இத்தனை கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள் அல்லவா? இன்றோ நாளையோ நீங்களும் அந்த வாசலில் நிற்கத்தான் போகிறீர்கள். எனவே புதிய வகைப் படத்தைப் பழைய வகைக்கு மாற்றுவது கணிப்பொறி மையக்காரரின் வேலை என்று ஒதுக்கிவிடாதீர்கள். மாற்றும்போது உள்ளே என்ன நடக்கிறது, எது தொலைகிறது என்பதைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் பலகை விஷயத்தை முடித்துவிடுவோம். கோப்பின் உண்மையான அடையாளம் அதன் பெயரில் இல்லை. கோப்பின் தொடக்கத்திலுள்ள சில பைட்டுகளில் இருக்கிறது. பைட் என்பது 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண். ஜேபெக் கோப்பு 255, 216 என்னும் எண்களோடு தொடங்கும். பி.எம்.பி. கோப்பின் முதல் இரண்டு எண்கள் 66, 77. இவை 'பி', 'எம்' என்னும் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்கள். ஜிஃப் கோப்பு தன் பெயரை மூன்று எழுத்தில் எழுதி, பின்னால் 87ஏ அல்லது 89ஏ என்று தான் எந்த ஆண்டுப் பதிப்பு என்பதையும் சொல்லிவிடுகிறது. எச்இஐசி கோப்பு நான்கு பைட்டுகள் தள்ளித் தன் வகையைச் சொல்லத் தொடங்கும். பெயரின் வாலை நீங்கள் எப்படி மாற்றினாலும் இந்த எண்கள் மாறுவதில்லை. அவற்றைப் படித்துப் பார்க்கும் நிரல் உடனே உண்மையைக் கண்டுபிடித்துவிடும். படித்துப் பார்க்காத நிரல் படத்தைத் திறக்கும்போது திணறும்.

சரி, பெயரை மாற்றாமல் படத்தையே மாற்றுவது எப்படி? இதற்கு, படம் எவ்வாறு சுருக்கப்படுகிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

ஒரு கைப்பேசிப் படத்தில் குறுக்கே 4,032 புள்ளிகளும் நெடுக்கே 3,024 புள்ளிகளும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களின் அளவு தேவை. நிறத்துக்கு ஒரு பைட் என்றால், பெருக்கிப் பாருங்கள்: 3,65,78,304 பைட்டுகள்! அதாவது மூன்றரைக் கோடிக்கும் மேல். ஆனால் அந்தப் படம் உங்கள் கைப்பேசியில் பெரும்பாலும் இருபது முப்பது லட்சம் பைட்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது. மீதி எங்கே போயிற்று?

ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள 64 அளவுகளை, நீங்கள் கணக்குப் புத்தகத்தில் பார்க்கும் கொசைன் அலைகள் 64-ன் கூட்டாக எழுதுகிறது. மெதுவாக மாறும் அலைகள் கட்டத்தின் பொதுவான வெளிச்சத்தைச் சொல்லும். விரைவாக மாறும் அலைகள் நுணுக்கமான கோடுகளைச் சொல்லும். நம் கண் பின்னவற்றை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. எனவே அவற்றை முரட்டுத்தனமாக முழு எண்ணாக்கிவிடுகிறார்கள், பல பூச்சியமாகிவிடும். பூச்சியங்களின் நீண்ட வரிசையைச் சுருக்கமாக எழுதுவது எளிது அல்லவா? இந்தக் கொசைன் மாற்று முறையைப் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, நடராஜன், ராவ் ஆகிய மூவரும் 1974-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதற்கு முன் 1972-இல் இந்த ஆய்வுக்குப் பணம் கேட்டு அகமது அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனத்துக்கு எழுத, அது மறுத்துவிட்டது! 1992-இல் வந்த ஜேபெக் தரமுறை அந்தக் கட்டுரையின் தோளில்தான் நிற்கிறது.

எச்இஐசி இன்னும் ஒரு படி மேலே போகிறது. அசையும் படங்களுக்காக 2013-இல் வந்த முறையை அது அசையாப் படத்துக்குப் பயன்படுத்துகிறது. பக்கத்துக் கட்டங்களைப் பார்த்து இந்தக் கட்டம் எப்படி இருக்கும் என்று ஊகித்து, ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எழுதி வைக்கிறது. அதே தரமுள்ள படம் ஜேபெக்கில் பிடிக்கும் இடத்தில் ஏறக்குறையப் பாதியே இதற்குப் போதும்.

இங்கே முக்கியமான ஒன்றைக் கவனியுங்கள். எறியப்பட்ட நுணுக்கம் எறியப்பட்டதுதான். புதிய வகையிலிருந்து பழைய வகைக்கு மாற்றும் நிரல் முதலில் படத்தை முழுவதும் விரித்துப் புள்ளிகளாக்குகிறது. பிறகு பழைய வகையின் விதிப்படி மறுபடியும் கட்டுகிறது. விரிக்கும்போது தொலைந்தது எதுவும் திரும்பி வராது. கட்டும்போது மேலும் கொஞ்சம் தொலையலாம்.

பி.எம்.பி. வகையை எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் கணிப்பொறிகளில் பழக்கமான இது, சாதாரணமாக எதையும் சுருக்குவதே இல்லை. முதலில் 54 பைட்டுகளில் நீளம், அகலம் முதலிய விவரங்கள். அதன் பிறகு புள்ளிகள். அதுவும் கீழ் வரிசையிலிருந்து மேல்நோக்கி, ஒவ்வொரு புள்ளிக்கும் நீலம், பச்சை, சிவப்பு என்ற முறையில்! தலைகீழாகக் கோலம் போடுவது போல இருக்கிறது, போகட்டும். நாம் சொன்ன கைப்பேசிப் படத்தை இதற்கு மாற்றினால் கோப்பின் அளவு 3,65,78,358 பைட்டுகள் ஆகிவிடும். "அப்பாடா, கோப்புப் பெரிதாகிவிட்டது, தரமும் கூடியிருக்கும்" என்று மகிழ்பவர்கள் உண்டு. ஒரு படி அரிசியைக் கோணிப்பையில் கொட்டினால் அது ஒரு மூட்டை அரிசி ஆகுமா? பை பெரிது, அவ்வளவுதான்.

1980-களில் கணிப்பொறி ஓவியர்கள் பயன்படுத்திய பி.சி.எக்ஸ். வகையின் கதை வேடிக்கையானது. ஒரே நிறம் தொடர்ந்து வந்தால், 'இந்த நிறம் 40 முறை' என்று எண்ணி எழுதுவதே அதன் உத்தி. ஒரு தடவையில் 63 வரை எண்ணலாம். கட்டடப் படம், கேலிச் சித்திரம் போன்றவற்றுக்கு இது நன்றாக உழைத்தது. ஆனால் புகைப்படத்தில் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகள் அச்சாக ஒன்றுபோல் இருப்பது அரிது. போதாக்குறைக்கு, 192-ம் அதற்கு மேற்பட்டதுமான எண் தனியாக வந்தாலும் அதற்கு இரண்டு பைட்டுகள் செலவாகும். வெளிச்சமான வானத்தைப் படம் பிடித்து இதில் சேமித்தால், சுருக்கப் போய்ப் பெருக்கிவிட்டு வருவீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜிஃப். 1987-இல் கம்ப்யூசர்வ் என்னும் நிறுவனம் இதை வெளியிட்டது. இதில் ஒரு படத்துக்கு 256 நிறங்கள்தாம் அனுமதி. உங்கள் கைப்பேசியோ 1,67,77,216 நிறங்களை எழுத வல்லது. ஒன்றே முக்கால் கோடிப் பேர் வசிக்கும் நகரத்திலிருந்து 256 பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பது போன்ற வேலை இது. பால் ஹெக்பர்ட் என்பவர் 1982-இல் வெளியிட்ட ஒரு முறை அழகானது. படத்தில் உள்ள நிறங்களையெல்லாம் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று அச்சுகள் கொண்ட ஒரு பெட்டிக்குள் புள்ளிகளாக வையுங்கள். எந்தப் பக்கம் நீளமோ அந்தப் பக்கத்தில், இருபுறமும் சம எண்ணிக்கை வரும்படி பெட்டியை வெட்டுங்கள். வந்த பெட்டிகளையும் அப்படியே வெட்டிக்கொண்டு போங்கள். 256 பெட்டிகள் ஆனதும் நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சராசரி நிறத்தை எடுங்கள். முடிந்தது தேர்தல்!

இருந்தாலும் ஒரு குறை. கன்னத்தில் ஒளியிலிருந்து நிழலுக்கு மெல்ல மாறும் இடம் மாடிப்படி போலத் தெரியும். இதைப் போக்க 1976-லேயே ஃபிளாயிட், ஸ்டைன்பெர்க் என்ற இருவர் ஒரு வழி சொல்லியிருந்தார்கள். நீங்கள் சில்லறை இல்லாத கடைக்குப் போகிறீர்கள். கடைக்காரர் மிச்சத்தை அடுத்த கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார் அல்லவா? அதே வழிதான். கறுப்பும் (0) வெள்ளையும் (255) மட்டுமே உள்ளன என்று கொள்வோம். புள்ளியின் உண்மையான அளவு 100. அது கறுப்புக்கே நெருக்கம். எனவே 0 என்று எழுதுகிறோம். மிச்சம் 100. இதைப் பதினாறு பங்காக்கி, வலப்பக்கத்துப் புள்ளிக்கு 7 பங்கு, கீழே இடப்புறம் 3, நேர் கீழே 5, கீழே வலப்புறம் 1 என்று கொடுக்க வேண்டும். முழு எண்ணாக்கினால் 44, 19, 31, 6. கூட்டிப் பாருங்கள், 100 வருகிறதா? வலப்பக்கத்துப் புள்ளியும் 100 என்றால், அது இப்போது 144 ஆகிவிட்டது, வெள்ளைக்கு நெருக்கம். ஆகவே கறுப்புக்குப் பக்கத்தில் வெள்ளை. தள்ளி நின்று பார்க்கும் கண் இரண்டையும் கலந்து சாம்பல் நிறமாகக் காண்கிறது. நாளிதழில் வரும் படத்தை ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள்; நம் கண்ணின் இதே பலவீனத்தை அச்சகங்கள் எத்தனையோ காலமாகப் பயன்படுத்தி வருவது தெரியும். (இப்படித் தூவிய புள்ளிகளில் ஒன்றுபோல் திரும்பத் திரும்ப வரும் வரிசைகள் குறைந்துவிடுவதால் ஜிஃப்பின் சுருக்கம் கெடும். ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க முடியும்.)

கண்ணுக்குத் தெரியாமல் தொலைபவையும் உண்டு. படம் எடுத்த நாள், நேரம், சில சமயம் எடுத்த இடம் ஆகியவற்றைக் கைப்பேசி படத்தோடு சேர்த்தே எழுதி வைக்கிறது. பி.எம்.பி.க்கோ ஜிஃப்புக்கோ மாற்றினால் இவை வழக்கமாக உதிர்ந்துவிடும். முன்பின் தெரியாதவருக்குப் படம் அனுப்பும்போது வீட்டின் இருப்பிடம் உதிர்ந்துபோவது நல்லதே. ஆனால் குடும்பத்தில் ஒரு பெரியவரின் கடைசிப் படம் எந்த ஆண்டு எடுத்தது என்று இருபது வருடம் கழித்துத் தேடுகிறவருக்கு அது பேரிழப்பு. ஊடுருவித் தெரியும் விளிம்புகளும் அப்படியே. புதிய வகைகளில் அரைகுறையாகத் தெரிவதற்கும் படிநிலைகள் உண்டு. ஜிஃப்பில் 'தெரியும்', 'தெரியாது' என்ற இரண்டே பதில்கள். தலைமுடியின் ஓரம் கத்தரிக்கோலால் வெட்டியது போல் ஆகிவிடும்.

ஜேபெக்கிலிருந்து ஜேபெக்குக்கு மாற்றுவதையும் சொல்ல வேண்டும். விண்ணப்பத்துக்காகப் படத்தைச் சுருக்குகிறோம். பிறகு அந்தச் சுருக்கிய படத்தையே வெட்டி, வேறொரு விண்ணப்பத்துக்கு மறுபடியும் சுருக்குகிறோம். வெட்டும்போது எட்டுக்கு எட்டுக் கட்டங்கள் இடம் நகர்ந்துவிடுகின்றன. பழைய கட்டங்களின் தழும்புகளைப் புதிய கட்டங்கள் நுணுக்கம் என்று எண்ணிக் காப்பாற்றப் பார்க்கும். உண்மையான நுணுக்கம் போய்விடும். கையெழுத்துப் படங்களில் எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்ப்பது போல் தெரியும் அழுக்கு இதனால் மேலும் கூடிவிடும். எதையும் வெட்டாமல் அதே தரத்தில் திரும்பத் திரும்பச் சேமித்தால் சேதம் சீக்கிரமே நின்றுவிடும்; ஆனால் அப்படிச் சேமிப்பவர் யார்? நகலிலிருந்து நகல் எடுக்காமல் ஒவ்வொரு முறையும் மூலத்திலிருந்தே எடுக்க வேண்டும். அதற்கு மூலம் கையில் இருக்க வேண்டும். மாற்றியவுடன் "இனி இது எதற்கு?" என்று எச்இஐசி கோப்பை அழிப்பவர்களை நான் கண்டிக்கிறேன். அழித்துவிட்ட நிழற்பட நெகட்டிவுக்கு ஈடு கிடையாது.

"அப்படியானால் பழைய வகைகளைத் தூக்கி எறிந்துவிட வேண்டியதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் நான் பலரிடமிருந்து வேறுபடுகிறேன். பள்ளி ஆய்வகங்களில் பழகும் ஆர்டுயினோ ஊனோ பலகையைப் பார்த்திருப்பீர்கள். அதன் தற்காலிக நினைவகம் வெறும் 2,048 பைட்டுகள். அதில் எச்இஐசி படத்தை விரிப்பது கனவிலும் நடக்காது. ஆனால் 320 புள்ளி அகலமுள்ள பி.எம்.பி. படத்தின் ஒரு வரிசைக்கு 960 பைட்டுகள் போதும். ஒரு வரிசையைப் படி, திரையில் எழுது, அடுத்ததைப் படி. வேலை முடிந்தது. சுருக்காத பழைய வகையின் மந்தபுத்தியே இங்கே அதன் பெருமையாகிறது.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால் 1985-இல் அமிகா என்னும் கணிப்பொறியில் சில படங்கள் வரைந்து, நெகிழ்வட்டுகளில் சேமித்தார். அவர் 1987-இல் மறைந்தார். வட்டுகள் பிட்ஸ்பர்க் நகரில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் இருந்தன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணிப்பொறி மன்றத்து மாணவர்கள் அவற்றிலிருந்த கோப்புகளை வெளியே எடுத்தபோது, அவை எந்த நிரலுக்கும் புரியாத வகையில் இருந்தன. விற்பனைக்கு வருவதற்கு முந்தைய நிலையிலிருந்த ஓர் ஓவிய நிரல், தனக்கென்று வைத்துக்கொண்ட வகை அது. விதிகள் எங்கும் எழுதப்படவில்லை. மாணவர்கள் பைட் பைட்டாக ஆராய்ந்து விதியை ஊகித்து, 2014-இல் படங்களை உலகுக்குக் காட்டினார்கள். வார்ஹால் படம் என்பதால் இத்தனை பேர் உழைத்தார்கள். உங்கள் வீட்டுப் படத்துக்கு யார் உழைப்பார்கள்?

விதி எழுதப்பட்டிருந்தால் மட்டும் போதாது. அதைப் பயன்படுத்த எவருக்கும் உரிமை இருக்க வேண்டும். ஜிஃப் உலகெங்கும் பரவிய பிறகு, 1994 டிசம்பரில், அதன் சுருக்கும் முறை தன் காப்புரிமைக்கு உட்பட்டது, ஆகவே அதைப் பயன்படுத்தும் நிரல்களை எழுதுவோர் கட்டணம் செலுத்த வேண்டும் என்று யுனிசிஸ் நிறுவனம் அறிவிக்கச் செய்தது. கோபம் கொண்ட நிரலாளர்கள் கூடி, எவருக்கும் காசு கொடுக்க வேண்டாத, 256 நிற எல்லையும் இல்லாத பி.என்.ஜி. வகையை 1995-இல் உருவாக்கத் தொடங்கி, 1996-இல் முடித்துவிட்டார்கள். அந்தக் காப்புரிமை 2003-இல் அமெரிக்காவிலும் அடுத்த ஆண்டு மற்ற நாடுகளிலும் காலாவதியாகியது. இன்று ஜிஃப் ஊர்ப் பொதுக் கிணறு போன்றது. எச்இஐசிக்குள் இருக்கும் முறையைச் சுற்றியோ இன்றும் பலருடைய காப்புரிமைகள் உள்ளன. கட்டணமில்லாமல் பயன்படட்டும் என்றே கூகிள் 2010-இல் வெப்பி வகையையும், பல நிறுவனங்கள் சேர்ந்து 2019-இல் ஏவிஃப் வகையையும் கொண்டுவந்தன. ஆகவே ஒரு கோப்பு வகை பழையதா புதியதா என்று நான் பார்ப்பதில்லை. அதன் விதி வெளிப்படையாக இருக்கிறதா, யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கும் நிரலை எழுதலாமா என்பதே என் கேள்வி.

ஒரு கண்டனமும் உண்டு. ஒரு படத்தை ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்றக் கணிப்பொறிக்கு நொடிப் பொழுது போதும். கோடிக்கணக்கில் செலவழித்து இணையதளம் அமைப்பவர்கள் அந்த நொடி வேலையைத் தங்கள் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல், பதற்றத்தோடு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பதினேழு வயது மாணவரின் தலையில் கட்டுவது நியாயமன்று. வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கோப்பு வகையை மாற்றிவிடும் கைப்பேசி நிறுவனத்துக்கும் இதில் பங்குண்டு. அவர்கள் திருந்தும்வரை நீங்கள் முன்னேற்பாடாக இருக்க வேண்டியதுதான். ஆப்பிள் கைப்பேசியில் கேமராவுக்கான அமைப்புகளில், கோப்பு வகைகள் என்ற பகுதியில், எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தும் வகையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அது ஜேபெக்கிலேயே படம் எடுக்கும். தேர்வு நாளுக்கு முதல் நாள் இரவே இதைச் செய்து, ஒரு வெற்றுத் தாளைப் படம் எடுத்துச் சோதித்துப் பாருங்கள்.

விருப்பமுள்ளவர்களுக்கு ஒரு சிறு வேலை. ஒரு கணிதத் தாளில் நான்குக்கு நான்கு கட்டம் போட்டு, ஏதேனும் ஒரு வடிவம் வரைந்து, நிறங்களை எண்களாக எழுதிக்கொள்ளுங்கள். புள்ளிக்கு மூன்றாக 48 எண்கள். கீழ் வரிசையிலிருந்து தொடங்குங்கள். நீலம் முதலில் வர வேண்டும் என்பதை மறக்காதீர்கள். இவற்றுக்கு முன்னால் வரவேண்டிய 54 எண்களின் பட்டியல் கணிப்பொறிப் புத்தகங்களில் கிடைக்கும்; அவற்றில் பெரும்பாலானவை பூச்சியங்களே. கோப்பின் பைட்டுகளை எண்களாகக் காட்டி, திருத்தவும் விடுகிற இலவச நிரல் ஒன்றில் 102 எண்களையும் தட்டச்சு செய்து சேமியுங்கள். எந்தக் கணிப்பொறியில் வேண்டுமானாலும் அதைத் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். படம் தலைகீழாக வந்தால் எந்த வரிசையை முதலில் எழுதினீர்கள் என்று சரிபாருங்கள். சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் நீலம் வந்தால், காரணம் உங்களுக்கே தெரியும்.